கச்சேரி நடுவே ‘இங்கிலீஷ் நோட்டு’: மதுரை மணி ஐயர் செய்தது என்ன?

ஃபியூஷன் என்றதும் கிட்டாரும் டிரம்ஸும்தான் நினைவுக்கு வரும். ஆனால் வேட்டியும் தம்புராவுமாக உட்கார்ந்து, கர்நாடக சங்கீதக் கச்சேரியிலேயே மேற்கத்திய மெட்டைப் பாடி கைதட்டல் வாங்கியவர் ஒருவர் இருந்தார். நம்ம மதுரைக்காரர், மணி ஐயர்.

யார் இவர்?

1912 அக்டோபர் 25-ல் மதுரையில் பிறந்தார். இயற்பெயர் சுப்பிரமணியன். அப்பாவின் சகோதரர், அந்தக் காலத்தில் புகழ்பெற்ற பாடகர் புஷ்பவனம் ஐயர். மணி ஐயர் சிறுவயதிலேயே ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரிடம் சேர்ந்தார். மதுரையில் தியாகராஜ சங்கீத வித்யாலயம் தொடங்கியவர் பாகவதர். புது ராகங்களை உருவாக்கவும் தயங்காதவர்.

அதென்ன இங்கிலீஷ் நோட்டு?

பாகவதர் அமைத்த மெட்டு அது. மேற்கில் ‘மேஜர் ஸ்கேல்’ என்பதும், நம் சங்கராபரணமும் ஏறக்குறைய ஒரே ஸ்வர வரிசைதான். வித்தியாசம் பாடும் முறையில். நம்மிடம் ஸ்வரம் கமகத்தோடு அசைந்து வரும். இங்கிலீஷ் நோட்டில் ஒவ்வொரு ஸ்வரமும் நேராக நிற்கும், பேண்டு வாத்தியம் மாதிரி தாவித் தாவிப் போகும். பாட்டு வரிகளே கிடையாது, வெறும் ஸ்வரம்தான். இதை ஊரெங்கும் பிரபலமாக்கியது மணி ஐயரின் குரல்.

இது புதுசா?

முழுக்கப் புதுசு இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் போட்டார். அவை ‘நோட்டுஸ்வரம்’ எனப்படுகின்றன. இன்று கச்சேரியில் தவிர்க்க முடியாத வயலினும் மேற்கிலிருந்து வந்ததுதான்.

மரபு கெட்டுப்போகவில்லையா?

இந்தக் கேள்விக்குப் பதில் அவருடைய கச்சேரியில்தான் இருக்கிறது. அவரது பலம் சுருதி சுத்தமும் கற்பனை ஸ்வரமும். ஜாஸ் கலைஞர் தாளத்துக்குள் நின்றுகொண்டே அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசிப்பார், இல்லையா? அதுபோல மணி ஐயரும் மேடையிலேயே ஸ்வரங்களைக் கோத்துக்கொண்டே போவார். சிக்கலான கணக்கு காட்டி மிரட்ட மாட்டார்; தாளத்தோடு இயல்பாக ஓடும் ‘சர்வலகு’தான் அவர் பாணி. இலக்கணம் தெரியாதவரும் தலையாட்டலாம்.

ராகம், கிருதி, ஸ்வரம் என்று முழுச் சாப்பாடு போட்ட பிறகு வரும் பாயசம்தான் இங்கிலீஷ் நோட்டு. அதனால் யாருக்கும் அது உறுத்தவில்லை. 1959-ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு ‘சங்கீத கலாநிதி’ விருது கொடுத்தது. மரபைக் காக்கும் சபையே கொடுத்த அங்கீகாரம் அது.

1968 ஜூன் 8-ல், 55 வயதில் காலமானார். அவர் பாடிய பதிவுகள் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது அவரது இங்கிலீஷ் நோட்டைக் கேளுங்க. அதோடு நிறுத்தாமல், அவர் பாடிய ‘காணக் கண் கோடி வேண்டும்’ பாட்டையும் கேட்டுப் பாருங்க. வேர் எவ்வளவு ஆழம் என்று தெரிந்தால்தான், கிளை ஏன் அவ்வளவு தூரம் நீண்டது என்பது புரியும்.