இடிக்கு வழி காட்டிய அச்சுக்காரர்



சித்திரை, வைகாசி மாதங்களில் பகலெல்லாம் வெயில் கொளுத்தும். மாலையில் திடீரென்று வானம் கறுத்து இடி இடிக்கும். அப்படி ஒரு மாலையில், மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவில் புதிதாக மாடி வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம் வந்தார். மொட்டை மாடியில் இடிதாங்கி வைக்க வேண்டுமா, அந்தச் செலவு தேவைதானா என்று கேட்டார். வாத்தியாராக இருந்தவருக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை!

நான் உடனே பதில் சொல்லவில்லை. இடிதாங்கியைக் கண்டுபிடித்தவரின் கதையைத்தான் முதலில் சொன்னேன். அவர் காசுக் கணக்கில் கெட்டிக்காரர். அதனால் அந்தக் கதையிலேயே பாதி பதில் இருக்கிறது.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1706 ஜனவரி 17 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். அப்பா மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்பவர். வீட்டில் மொத்தம் 17 பிள்ளைகள்! பெஞ்சமின் பள்ளிக்கூடம் போனது இரண்டே ஆண்டுகள். 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் அடிப்பார்; அதனால் 17 வயதில் பிலடெல்பியா நகருக்கு ஓடிப்போனார். (நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்!) அங்கே சொந்தமாக அச்சகம் வைத்து, செய்தித்தாள் நடத்தி, நாற்பத்திரண்டு வயதுக்குள் நன்றாகச் சம்பாதித்துவிட்டார்.

அக்காலத்து ஊர்களில் மர வீடுகள் அதிகம். தீ என்றால் எல்லோருக்கும் நடுக்கம். பிராங்க்ளின் 1736-ல் நண்பர்களைச் சேர்த்துத் தீயணைப்புக் குழு ஒன்றைத் தொடங்கினார். 1752-ல் வீடுகளுக்குத் தீ காப்பீடு தரும் நிறுவனம் தொடங்கவும் காரணமாக இருந்தார். தீயால் ஒரு குடும்பம் எவ்வளவு இழக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் அவர். மின்னல் விழுந்தாலும் வீடு தீப்பிடிக்கும் அல்லவா? அதைத் தடுக்க அப்போது யாரிடமும் வழி இல்லை. ஐரோப்பாவில் தேவாலய மணியை அடித்து இடியை விரட்டப் பார்த்தார்கள். உயரமான கோபுரம், ஈரக் கயிறு, அதைப் பிடித்து இழுக்கும் ஆள்! மணியடித்தவர்கள் பலர் மின்னலுக்குப் பலியானார்கள்.

மின்னலும் மின்சாரமும் ஒன்றுதானோ என்று பிராங்க்ளினுக்குச் சந்தேகம். உயரமான இரும்புக் கம்பியை நிறுத்திச் சோதிக்கலாம் என்று எழுதினார். 1752 மே 10 அன்று பிரான்சில் சிலர் அப்படியே செய்து, கம்பியிலிருந்து பொறி வருவதைக் கண்டார்கள். அந்தச் செய்தி கடல் கடந்து வருவதற்குள், ஜூன் மாதத்தில், பிராங்க்ளின் இங்கே பட்டம் விட்டார்.

பாடப்புத்தகப் படங்களில் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் நிற்பான். உண்மையில் அவருடைய மகன் வில்லியம் அப்போது இருபது வயது தாண்டிய இளைஞர். பட்டத்தின் மேல் மின்னல் விழவும் இல்லை. விழுந்திருந்தால் இருவரும் பிழைத்திருக்க மாட்டார்கள். மேகத்தின் மின்னூட்டம் ஈர நூல் வழியாக இறங்கி, நூலில் கட்டிய சாவியில் பொறியாக வந்தது, அவ்வளவுதான். மறு ஆண்டு ரஷ்யாவில் ரிச்மேன் என்ற விஞ்ஞானி இதைப் போன்ற சோதனையில் மின்னல் தாக்கி இறந்தார். ஆகவே மழை மேகம் வரும்போது பட்டத்தைத் தொடவே கூடாது!

இனி இடிதாங்கிக்கு வருவோம். மின்னல் வருவதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் அது சுவரைப் பிளக்காமல், கூரையை எரிக்காமல் மண்ணுக்குள் போக ஒரு வழி செய்து கொடுக்கலாம். வீட்டின் உச்சிக்கு மேல் சில அடி உயரத்தில் கூரான கம்பி. அங்கிருந்து சுவரோரமாக இறங்கும் கம்பி. அதன் நுனி ஈர மண்ணுக்குள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை. கோபுரக் கலசமே இடிதாங்கிதான் என்று சிலர் சொல்வார்கள். கலசத்திலிருந்து மண் வரை உலோக வழி இல்லை என்றால் அது இடிதாங்கி ஆகாது.

1753-க்கான தம் பஞ்சாங்கத்தில் பிராங்க்ளின் இதன் செய்முறையை எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுத்தார். ஆணி அடிக்கும் கொல்லரிடம் கிடைக்கும் சாதாரண இரும்புக் கம்பி, உச்சியில் ஓர் அடிப் பித்தளைக் கம்பி. இவ்வளவு போதும் என்றார். காப்புரிமை வாங்கவில்லை, ஒரு காசும் கேட்கவில்லை. செலவு குறைந்தால்தான் ஏழை வீட்டுக்காரரும் வைப்பார் என்பதை அறிந்தவர்.

தம் வீட்டுக் கம்பியில் இரண்டு மணிகளையும் கட்டியிருந்தார். மேகம் வந்தால் அவை தானாக ஒலிக்கும். மனைவி டெபோராவுக்கோ அந்தச் சத்தம் கேட்டாலே பயம்!

பிறகு அவர் அரசியலுக்குப் போனார். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். பிரான்சில் தூதராக இருந்தார். அடிமைகளை வைத்திருந்தவர், முதுமையில் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். இவற்றை இன்னொரு வாரம் பார்க்கலாம்.

ஒருநாள் பிராங்க்ளின் வீட்டின் மீதே மின்னல் விழுந்தது. தீப்பிடித்திருக்கும் என்று அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். வீட்டார் பயந்துபோயிருந்தார்கள், வேறு சேதம் இல்லை. 1780-களில் வீட்டைப் பெரிதாக்குவதற்காக இடிதாங்கியைக் கழற்றிப் பார்த்தார்கள். உச்சியில் இருந்த ஒன்பது அங்குலச் செப்பு முனை கிட்டத்தட்ட முழுவதும் உருகிப் போயிருந்தது! கண்டுபிடித்தவருக்கே அவருடைய கண்டுபிடிப்பு உதவியிருக்கிறது. சில ஆண்டுகளில், 1790 ஏப்ரல் 17 அன்று, 84 வயதில் அவர் காலமானார்.

சரி, எங்கள் தெருக்காரருக்கு என்ன பதில்?

பிராங்க்ளின் வீட்டைச் சுற்றி மரக்கூரைகள். நம் வீடு கான்கிரீட். பக்கத்திலேயே அதைவிட உயரமான அடுக்குமாடிகள் நிற்கின்றன. உயரம், சுற்றுப்புறம், அந்தப் பகுதியில் இடி எவ்வளவு அடிக்கடி வரும், உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்குப் பார்த்துத்தான் இடிதாங்கி தேவையா என்று பொறியாளர்கள் முடிவு செய்கிறார்கள். அடுக்குமாடிக் கட்டடம், பள்ளிக்கூடம், வெட்டவெளியில் தனித்து நிற்கும் வீடு என்றால் செலவைப் பார்க்கக் கூடாது. ஏரிக்கரையில் தனியாக வீடு கட்டியிருந்தால் வைக்கத்தான் சொல்லியிருப்பேன். நெருக்கமான தெருவில் இருக்கும் ஒரு மாடி வீட்டுக்கு அது முதல் செலவு அல்ல.

நம் வீடுகளுக்கு மின்னல் பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது. எங்கோ விழுந்தாலும் மின்கம்பி, கேபிள் வழியாக உள்ளே புகுந்து டிவியையும் பிரிட்ஜையும் கெடுத்துவிடும். மாடியில் வைத்த கம்பி அதைத் தடுக்காது. அதற்கு மெயின் பெட்டியில் சர்ஜ் புரொடெக்டர் வேண்டும். எர்த் சரியாக இருக்க வேண்டும். கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். அதில் தண்ணீர் ஊற்றச் செலவே இல்லை.

உயிர் விஷயம் வேறு. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலால் இறக்கிறார்கள். பெரும்பாலோர் வயலிலும் வெட்டவெளியிலும் மரத்தடியிலும் இருந்தவர்கள். இடிச் சத்தம் கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வராதீர்கள். இதற்கும் காசு வேண்டாம்.

தெருக்காரர் இடிதாங்கி வைக்கவில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்தார். சர்ஜ் புரொடெக்டர் வைத்தார். இப்போது கோடையில் அவர் வீட்டு எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஆறாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகளின் வேலை. போன வாரம் இடி இடித்தபோது, துணி எடுக்க மொட்டை மாடிக்கு ஏறப்போன அப்பாவை அவள்தான் படியிலேயே மறித்து நிறுத்தினாளாம். துணி நனைந்தது!