வெறுங்காலோடு கடல் கடந்தவர்: மர்ஹூம் முகம்மது சலீம்

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலைவிட்டு வெளியே வருங்கால், மாதவரத்தின் வெற்றுத்திடல்களில் சிறுவர்கள் கால்பந்தாடும் காட்சியை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவர்களுள் பாதிப்பேர் வெறுங்காலர்கள். வடசென்னைக்கு இவ்விளையாட்டுப் புதிதன்று. துறைமுகமும் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் தத்தமக்கெனக் குழுக்களை வைத்திருந்த காலத்தில், பந்தை நன்கு உதைக்கத் தெரிந்திருப்பதே ஓர் இளைஞனுக்கு வேலைக்குரிய சான்றிதழாக அமைந்ததுண்டு. குழுவிட்டுக் குழு மாறி, ஊருக்குப் பெயர் தெரியாமலேயே ஆடி ஓய்ந்தோர் எம் தெருவிலும் இருந்தனர். அத்தகையோரை நினைக்கும்போதெல்லாம், நம் நாட்டின் மற்றொரு துறைமுகக்கரையில் பிறந்த ஓர் ஆட்டக்காரரின் வரலாறு நம் நெஞ்சில் எழுகின்றது. அவர்தாம் மர்ஹூம் முகம்மது சலீம்.

சலீம் 1904ஆம் ஆண்டு கல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஹூக்ளி ஆற்றங்கரையில், கப்பல் துறைகளை அடுத்து அமைந்த பகுதி அது. அரசிழந்த அவத் நாட்டு மன்னர் வாஜித் அலி ஷா வந்து குடியேறிய இடமும் அதுவே. 1911இல் மோகன் பகான் குழுவினர், ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலப் பட்டாளக் குழுவாகிய கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2–1 என்ற கணக்கில் வென்று கேடயம் கொண்டபோது சலீம் சிறுவர். அவ்வெற்றியின் ஆரவாரம் அவரைப் பற்றிக்கொண்டது. ஏட்டுக் கல்வி அவரை ஈர்க்கவில்லை, பந்து ஈர்த்தது. ஆசிரியராகிய நாம் இதனை எழுதும்போது சற்றே தயங்கவே செய்கின்றோம்.

1926இல் பௌபஜாரின் சித்தரஞ்சன் கழகத்தில் ஆடத் தொடங்கிய அவர், பின்னர் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் இரண்டாம் குழுவிலும், ஸ்போர்ட்டிங் யூனியனிலும், சிறிதுகாலம் ஈஸ்ட் பெங்காலிலும், அதன்பின் ஏரியன்ஸ் கழகத்திலும் ஆடினார். எட்டு ஆண்டுகளில் ஐந்து கழகங்கள்! ஓரிடத்தும் நிலைகொள்ளாத இக்காலத்தைப் பற்றி எழுதுவோர் ஒரே வரியில் கடந்துவிடுகின்றனர். ஆனால் வலப்புறக் கோடு ஓரமாகப் பந்தை உருட்டிச் சென்று, எதிர்க்காவலரை ஏய்த்து, கோல்முகத்தில் நிற்கும் தோழனுக்குக் கச்சிதமாக ஏந்திக் கொடுக்கும் கலையை அவர் கைவரப்பெற்றது இவ்வாண்டுகளில்தான் என்பதே நம் கருத்து.

1934இல் சலீம் முகம்மதன் ஸ்போர்ட்டிங்கின் முதற்குழுவிற்கு வந்தார். 1891இல் தோன்றிய அக்கழகம் அவ்வாண்டுதான் முதற்பிரிவுக்கு உயர்ந்திருந்தது. உயர்ந்த அவ்வாண்டிலேயே கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அதுகாறும் எந்த இந்தியக் கழகமும் எட்டாத பட்டம் அது. தொடர்ந்து 1938 வரை ஐந்தாண்டுகள் அப்பட்டம் அதனிடமே இருந்தது. இவ்வெற்றியில் ஒரு நுட்பமும் உண்டு. மழைக்காலத்தில் கல்கத்தா மைதானம் சேறாகிவிடும். வெறுங்காலர்கள் வழுக்க, காலணி பூண்ட பட்டாளத்தார் வெல்வர். முகம்மதன் கழகத்தாரோ ஈரத்தரையில் தம் ஆட்டக்காரர்களுக்குக் காலணி அணிவித்துப் பழக்கினர். தென்னாட்டிலிருந்தும், குறிப்பாகப் பெங்களூரிலிருந்தும், திறமையாளரைத் தேடி அழைத்து வந்தனர். இத்தகைய குழுவிலும் சலீமின் பெயர் கட்டுத்துணி சுற்றிய வெறுங்காலோடுதான் பிணைந்து நின்றது.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் செல்லும் வழியில் சீனக் குழு இந்தியாவில் ஆடியது. அதனை எதிர்க்கும் இந்தியக் குழுவில் சலீமும் தெரிவுசெய்யப்பட்டார். முதல் ஆட்டத்தில் பாராட்டுப் பெற்றவர், இரண்டாம் ஆட்டத்திற்கு வரவில்லை. இங்கிலாந்தில் வாழ்ந்த உறவினர் ஹாஷிம் என்பார் ஐரோப்பாவில் ஆடிப்பார்க்கலாம் என்று தூண்ட, அவருடன் கப்பலேறிவிட்டார். சக ஆட்டக்காரரை அவ்வாறு விட்டுச் சென்றது முறையன்று. ஆயினும் முப்பத்திரண்டு வயது ஆகிவிட்ட ஓர் ஆட்டக்காரனுக்கு அப்படியொரு வாய்ப்பு மீண்டும் வருமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கெய்ரோ வழியாக இலண்டன் சேர்ந்து, அங்கிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை அடைந்தனர். அங்குள்ள செல்டிக் கழகம், பிழைப்புத் தேடி வந்த அயர்லாந்துக் கத்தோலிக்க ஏழையரின் பசி போக்கும் நிதிக்காகத் துறவி ஒருவர் 1887இல் நிறுவியது. 1936இல் லீக் வாகையரும் அவர்களே. நாற்பதாண்டுக்கு அணுக்கமாக அதனை நடத்திவந்த மேலாளர் வில்லி மேலியிடம் ஹாஷிம் சென்று, தம் உறவினர் வெறுங்காலில் ஆடுபவர் என்றும், ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். மேலிக்குச் சிரிப்பு வந்தது, ஆயினும் இணங்கினார். சோதனையில் சலீம் வென்றார். கழகத்தின் பயிற்றுநரும் முன்னாள் பெருவீரருமாகிய ஜிம்மி மெக்மெனமி, குனிந்து சலீமின் பாதத்திற்குக் கட்டுப்போடும் நிழற்படம் இன்றும் கிடைக்கின்றது. இந்தியாவை ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் எடுக்கப்பெற்ற படம் அது என்பதை நம் மாணாக்கர் மனங்கொள்ள வேண்டும்.

ஹாமில்டன் குழுவை 5–1 எனவும், கால்ஸ்டன் குழுவை 7–1 எனவும் செல்டிக் வென்ற ஆட்டங்களில் சலீம் ஆடினார். ஆகஸ்ட் 28ஆம் நாள் நடந்த கால்ஸ்டன் ஆட்டத்தில் மூன்று கோல்கள் அவர் அனுப்பிய பந்துகளால் விளைந்தன. மறுநாள் செய்தித்தாள் அவரை இந்தியச் செப்படிவித்தைக்காரர் எனப் புகழ்ந்தது. விழா மலர்களில் எழுதுவோர்க்கு இயல்பாக எழும் மிகைப்படுத்தும் ஆசையை இவ்விடத்தில் அடக்கிக்கொள்கின்றோம். இவை இரண்டாம் நிலைக் குழுவின் ஆட்டங்கள். செல்டிக்கின் முதற்குழுவில் சலீம் ஆடினாரல்லர். எனினும் ஐரோப்பியக் கழகம் ஒன்றின் சட்டையணிந்து ஆடிய முதல் இந்தியர் என்ற சிறப்பு அவர்க்கு உரியது. உண்மை இந்த அளவே பெரிதாயிருக்க, அதன்மேல் நாம் எதைச் சேர்க்க வேண்டும்?

அங்கே நிலைத்திருந்தால் முதற்குழுவிலும் இடம்பெற்றிருக்கலாம். ஆனால் ஊர் நினைவு அவரை வாட்டியது. செல்டிக் தடுத்தும் சில மாதங்களிலேயே புறப்பட்டுவிட்டார். வழியனுப்ப நடத்திய நன்கொடை ஆட்டத்தில் தமக்கு வரவிருந்த பங்கை அந்நகரத்து அனாதைக் குழந்தைகட்கே அளித்துவிட்டார் என்பது குடும்பத்தார் வழி வழங்கும் செய்தி. ஊர் திரும்பியவர் மீண்டும் முகம்மதன் குழுவில் சேர்ந்து, 1937ஆம் ஆண்டின் லீக் வெற்றியிலும் பங்குகொண்டார். அதன்பின் மெல்ல மெல்ல மைதானம் அவரை மறந்தது. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியர் பலர் வெறுங்காலோடு ஆடி உலகை வியப்பில் ஆழ்த்தியபோது, பன்னிரண்டு ஆண்டுகட்கு முன்பே பிரித்தானியத் தரையில் வெறுங்காலோடு ஆடி மெச்சப்பெற்ற ஒருவர் கல்கத்தாவில் இருந்தார்.

சலீம் 1980 நவம்பர் 5ஆம் நாள் காலமானார். இறுதிக் காலத்தில் அவர் நோயுற்றிருந்தபோது, மகனார் செல்டிக் கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். பண உதவி பெறும் நோக்கத்தைவிட, தந்தையாரின் பெயர் அங்கே இன்னும் நினைவிலுள்ளதா என்றறியும் ஆவலே மிகுதி என்று பின்னாளில் அவர் தெரிவித்தார். நாற்பது ஆண்டுகட்கு மேலாகியிருந்தும் கழகத்திலிருந்து விடை வந்தது. உறையினுள் நூறு பவுண்டுக்கு ஒரு வங்கி வரைவோலையும் இருந்தது. அதனை அவர் வங்கியில் கொடுத்துப் பணமாக்கவில்லை. தந்தையாரின் நினைவாக வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.