பேர்டன் போட்ட இரண்டு ஓட்டை

சுட்டு முடிச்ச ஒரு தோட்டாவின் பித்தளை உறை எங்கயாவது உங்க கையில் கிடைச்சா, வாய்ப்பக்கமா டார்ச் அடிச்சு உள்ளே எட்டிப் பாருங்க. அடியில் நட்ட நடுவில் ஒரே ஒரு ஓட்டை இருந்தா அது பாக்ஸர் கேஸ். நடுவை விட்டுத் தள்ளி, இத்தனூண்டு சைஸில் இரண்டு ஓட்டை இருந்தா அது பேர்டன் கேஸ். (என்.சி.சி. மக்களே, நீங்க சுடுற .22ல் இந்த ரெண்டுமே இருக்காது. அது ரிம்ஃபயர், கதையே வேற.) அந்த இரண்டு ஓட்டைக்குச் சொந்தக்காரர் ஹைரம் பேர்டன். இது அவர் கதை. கூடவே, பித்தளை கேஸைச் சுத்தம் பண்றதில் இவ்வளவு இன்ஜினியரிங் இருக்கான்னு உங்களுக்கும் ஆச்சரியமா இருக்கும்.

பேர்டன் 1824ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். தொழில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். நம்ம ஆளுதான். பொழுதுபோக்கு துப்பாக்கி சுடுதல், அதிலும் நாடறிந்த கில்லாடி. பேக்கரி மெஷின் வரைக்கும் கை வச்சிருக்கார். ஆனா முதலில் பேர் வாங்கிக் கொடுத்தது தங்கம் பிரிக்கும் மெஷின். சாய்வா வச்ச ஒரு இரும்புக் கிண்ணம் சுத்திக்கிட்டே இருக்கும். உள்ளே கனமான இரும்பு உருண்டை. தங்கக் கல்லும் தண்ணீரும் கொட்டினா உருண்டை கல்லை நொறுக்கும், அடியில் இருக்கும் பாதரசம் தங்கத்தைப் பிடிச்சுக்கும். நியூசிலாந்து சுரங்கங்களில் அந்தக் கிண்ணத்துக்கே பேர்டன்னுதான் பேர். சுத்தும் பாத்திரம், தண்ணீர், உள்ளே உருளும் உலோகம், பாதரசம். இந்த நாலையும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

1861ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சதும், குறி தவறாம சுடுறவங்களை மட்டும் வச்சு ஒரு படை திரட்ட பேர்டன் கிளம்பினார். நுழைவுத் தேர்வு சுலபமில்ல. 200 கெஜம் தள்ளி நின்னு 10 குண்டு சுடணும், மையத்தில் இருந்து சராசரி விலகல் 5 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பச்சை நிற யூனிஃபார்ம். லிங்கனே பயிற்சி முகாமுக்கு வந்து பார்த்தார். 1863ல் கெட்டிஸ்பர்க்கில் அந்தப் படை நல்ல பேர் எடுத்தது. பேர்டனைப் பற்றி மட்டும் அவருடைய ஆபீசர்களே புகார் சொன்னாங்க: சண்டை சூடு பிடிக்கும்போது ஆள் முன்னாடி இல்லைன்னு. 1864 ஜனவரியில் ராஜினாமா. என்னைக் கேட்டா, தளபதியா அவர் சுமார்தான். இன்ஜினியரா கணக்கு வேற.

அவருடைய ஆட்கள் சுட்ட ஷார்ப்ஸ் துப்பாக்கியில் பித்தளை கேஸே கிடையாது. துணி அல்லது காகிதத்தில் சுத்தின மருந்து. பின்பக்க இடுக்கு வழியா வாயு கசியும். உலோக உறை வந்ததும் அந்தப் பிரச்சனை போச்சு. மருந்து எரியும்போது பித்தளை விரிஞ்சு அறைச் சுவரோடு ஒட்டி அடைச்சுக்கும், அழுத்தம் குறைஞ்சதும் கொஞ்சம் சுருங்கி வெளியே வரும். அதாவது ஒரு தடவை மட்டும் உபயோகிக்கும் கேஸ்கெட். ஆனா வளைஞ்சு கொடுக்கும் பித்தளை என்பதால் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். மருந்து எரிஞ்சு போகும், குண்டு பறந்து போகும், கையில் மிஞ்சுறது கேஸ் மட்டும்தான். கடை பக்கத்தில் இல்லாத வேட்டைக்காரனுக்கு அது காலி டப்பா இல்ல, அடுத்த தோட்டா.

1866 மார்ச்சில் பேர்டன் தன் பிரைமருக்குக் காப்புரிமை வாங்கினார். பிரைமர் என்பது தட்டினதும் பொறி விடும் சின்ன மூடி. தட்டும்போது அந்த வெடிப்பொருள் எதன் மேலாவது நசுங்கணும், அதுக்கு ஒரு பட்டடை வேணும். பேர்டன் அந்தப் பட்டடையை கேஸின் அடியிலேயே ஒரு மேடா உருவாக்கிட்டார். நடுவில் மேடு இருப்பதால் பொறி போகும் வழி ஓரத்தில் இரண்டு ஓட்டையா ஆச்சு. அதே வருஷம் இங்கிலாந்தில், வுல்விச் ராயல் லெபாரட்டரியின் தலைவர் எட்வர்ட் பாக்ஸர் பட்டடையைப் பிரைமருக்குள்ளேயே வச்சார். கேஸுக்கு நடுவில் ஒரே ஓட்டை போதும். உற்பத்தி பக்கம் பார்த்தா பேர்டன் ஜெயிச்சார்: பிரைமர் எளிது, மலிவு, லட்சக்கணக்கில் அடிச்சுத் தள்ளலாம். ராணுவம் கேஸைப் பொறுக்கப் போறதில்லையே.

ஆனா பொறுக்குறவன் நிலைமையை யோசிங்க. பாக்ஸர் கேஸில் மேலிருந்து ஒரு கம்பியை விட்டுத் தட்டினா பழைய பிரைமர் டக்குனு விழும். பேர்டன் கேஸில் கம்பி மேட்டில் போய் முட்டும். கொக்கி போட்டு நெம்பணும், இல்லேன்னா கேஸில் தண்ணீர் நிரப்பி, வாய்க்குப் பொருந்தும் கட்டையை வச்சு சுத்தியலால் அடிச்சு, நீரழுத்தத்தில் தள்ளணும். பிரைமர் போனாலும் தொல்லை போகாது. பாக்ஸர் குழி தட்டையான தரை, ஒரு சின்ன பிரஷ் சுத்தினா கரி போயிடும். பேர்டன் குழியில் மேட்டைச் சுத்தி மோதிரம் மாதிரி கரி படியும்.

சரி, என்னதான் வச்சுக் கழுவுறது? பேர்டன் காலத்தில் எல்லாமே கருமருந்து. அது எரிஞ்சு விடும் உப்புக் கசடு ஈரத்தை இழுத்துப் பித்தளையை அரிக்கும். அதனால் சுட்ட அன்னைக்கே சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவிடணும். இப்பவும் கருமருந்து சுடுறவங்களுக்கு அதுதான் விதி. இந்த விஷயத்தில் மெஷின் முக்கியமில்ல, நேரம்தான் முக்கியம்.

புகையில்லா மருந்துன்னா நாலு வழி இருக்கு. ஒன்று, வைப்ரேட்டரி டம்ப்ளர் (டம்ளர் இல்ல, டம்ப்ளர்). மக்காச்சோளக் கட்டைத் துகளோ வால்நட் ஓட்டுத் தூளோ போட்டு அதிர விட்டா வெளிப்புறம் நல்லா மின்னும், உலர வைக்கும் வேலையும் இல்ல. ஆனா பிரைமர் குழி சுத்தமாகாது, பிரைமரில் இருந்து வரும் ஈயம் தூசியோடு கிளம்பும். வீட்டுக்குள்ள ஓட்டவே கூடாது. இரண்டு, அல்ட்ராசோனிக். உள்ளே, குழி, ஓட்டை எல்லாம் போகும், பளபளப்பு மட்டும் எதிர்பார்க்காதீங்க. மூன்று, வெறும் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறப்போடுறது. வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற அதே கெமிஸ்ட்ரி. அளவு மீறினா துத்தநாகம் கரைஞ்சு பித்தளை இளஞ்சிவப்பா மாறும். அப்படி மாறினா அழகு இல்ல, நோய்.

நாலாவது, சுத்தும் டிரம்மில் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, துளி சிட்ரிக் அமிலம், கூடவே பொடிப் பொடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்கள். கேஸ் உள்ளும் புறமும் புதுசு மாதிரி வரும். எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? சுத்தும் பாத்திரம், தண்ணீர், உருளும் உலோகம். பேர்டனின் தங்கக் கிண்ணம் கிட்டத்தட்ட இதுதான்! தேர்ந்தெடுக்கச் சொன்னா என் ஓட்டு இதுக்கே, ஏன்னா ஈயத் தூசி தண்ணீரோடு போயிடும் (அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊத்தாதீங்க). ஆனா 1 மி.மீ. தடிமன் பின் ரெண்டு ஜோடியா சேர்ந்தா பாக்ஸரின் 2 மி.மீ. ஓட்டையில் கச்சிதமா இறுகி நிற்கும். ஒவ்வொரு கேஸையும் வெளிச்சத்தில் பார்க்கணும். ரொம்ப நேரம் ஓட விட்டா கேஸ் வாய் ஒன்றோடு ஒன்று மோதி நசுங்கும்.

எந்த வழியா இருந்தாலும் அமோனியா கலந்த பித்தளை பாலிஷ் மட்டும் கிட்டயே வரக்கூடாது. இதுக்குப் பாடம் கிடைச்சதே இந்தியாவில்தான். பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வச்சது. சீசன் முடிஞ்சு எடுத்துப் பார்த்தா கேஸ்கள் தானாவே விரிசல் விட்டிருந்தன. குதிரை மூத்திரத்தின் அமோனியா, மழைக்கால ஈரம், கேஸை இழுத்து உருவாக்கும்போது உள்ளே தங்கின அழுத்தம், மூணும் சேர்ந்த வேலை. 1921ல்தான் காரணத்தைத் தெளிவா விளக்கினாங்க. மெட்டீரியல்ஸ் புக்கில் ஸ்ட்ரெஸ் கரோஷனுக்கு உதாரணமா நீங்க படிச்ச சீசன் கிராக்கிங் இதேதான்.

இப்போ அந்த நாலாவது சாமான், பாதரசம். பேர்டன் காலப் பிரைமர்களில் இருந்தது மெர்க்குரி ஃபல்மினேட். சுட்டதும் பாதரசம் கேஸ் சுவரில் படியும். தங்கத்தைப் பிடிக்கும் அதே குணத்தோடு பித்தளையையும் பிடிச்சு அதை நொறுங்க வச்சிடும். கருமருந்து இருந்தவரை அதன் ஏராளமான கசடு பாதரசத்தை நீர்த்துப்போக வச்சு ஓரளவு காப்பாத்தியது. புகையில்லா மருந்து வந்ததும் கசடு இல்ல, பாதரசம் நேரா பித்தளை மேல. அப்படிப்பட்ட கேஸ் வெளியே தங்கம் மாதிரி மின்னலாம், அடுத்த தடவை அறைக்குள்ளேயே பிளந்து, சுடுறவன் முகத்துப் பக்கம் வாயுவைத் திருப்பி விடலாம். எந்த டம்ப்ளரும் எந்த அமிலமும் இதைக் கழுவ முடியாது. 1898 வாக்கில் அமெரிக்க ராணுவம் பாதரசம் இல்லாத பிரைமருக்கு மாறியது. பழைய மெர்க்குரி பிரைமரில் சுட்ட கேஸைக் கழுவவே கூடாது, தூக்கிப் போடணும்.

பேர்டன் இதைப் பார்க்க இல்ல. போருக்கு அப்புறம் அவர் ரஷ்யாவுக்குத் துப்பாக்கி வடிவமைச்சார். 1870 மாடல் பேர்டன் துப்பாக்கியை 1891ல் மோசின் வரும் வரை ஜார் படை நம்பி இருந்தது. பல வருஷம் வெளிநாட்டு வாசம். தூரம் அளக்கும் கருவி, குண்டுகளுக்கான ஃப்யூஸ்னு கடைசி வரை எதையாவது வரைஞ்சுக்கிட்டே இருந்தார். தன் துப்பாக்கிக் காப்புரிமையை உபயோகிச்சதுக்காக அமெரிக்க அரசு மேலேயே அவர் கம்பெனி வழக்குப் போட்டது. 1893 மார்ச் 31ல் வாஷிங்டனில் காலமானார், ஆர்லிங்டனில் அடக்கம். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு கம்பெனி பக்கம் வந்தது 1895ல்.

அவருடைய பிரைமர் ஐரோப்பா முழுக்கப் பரவியது. நம்ம ஊர் .303 கேஸ்களிலும் பெரும்பாலும் அதே இரண்டு ஓட்டைதான். ஆங்கிலேயர் பாக்ஸரின் பிரைமரோ அமெரிக்காவில் செட்டில் ஆகிடுச்சு, காரணம் அங்கே கேஸைப் பொறுக்கி மறுபடி நிரப்புற ஆட்கள் அதிகம். ரேஞ்சில் பொறுக்கும்போது டார்ச்சில் இரண்டு ஓட்டை தெரிஞ்சா, பேர்டனின் சொந்த நாட்டுக்காரங்களில் பலர் அதைக் கழுவக்கூட மாட்டாங்க. தனி வாளியில் போட்டு, பழைய பித்தளை விலைக்கு எடை போட்டுடுவாங்க.