நாயோடு நாடு சுற்றிய எழுத்தாளர்

அமெரிக்காவின் புகழ் பெற்ற எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக். 1962-ம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர்.

அவர் தமது 58-வது வயதில், உடல் தளர்ந்திருந்த நேரத்தில், ஒரு காரியம் செய்தார். ஒரு லாரியின் மேல் சிறிய வீடு ஒன்றை அமைத்தார். தம் நாயை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டார்!

சுற்றிய தூரம் சுமார் 10 ஆயிரம் மைல். (16 ஆயிரம் கிலோ மீட்டர்.)

பெயரும் பணமும் பெற்றவருக்கு ஏன் இந்த அலைச்சல்? அதை அறிய அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இளமை

கலிபோர்னியா மாநிலத்தில் சாலினாஸ் என்று ஓர் ஊர். சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள். அங்கே 1902-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 27-ந் தேதி ஸ்டீன்பெக் பிறந்தார். தாயார், திருமணத்துக்கு முன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை.

1919-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விட்டு விட்டுப் படித்தார். 1925-ல் பட்டம் பெறாமலே வெளியேறினார். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். நியூயார்க்கில் கட்டிடத் தொழிலாளியாக உழைத்தார். மலை மேல் ஒரு மாளிகைக்குக் காவலாளியாகவும் இருந்தார்.

எந்த வேலை செய்தாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1929-ல் வந்த முதல் நாவல் சரியாக விற்கவில்லை. 1935-ல் வந்த நாவல்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

நாய் கிழித்த கதை

அவருக்கு நாய் என்றால் உயிர்.

1936-ல் டோபி என்ற நாய்க்குட்டியை வளர்த்தார். ஒரு நாள் இரவு அதை வீட்டில் தனியே விட்டுச் சென்றார். திரும்பி வந்து பார்த்தால், எழுதி வைத்திருந்த நாவலில் பாதியை அது கடித்துக் குதறி இருந்தது! இரண்டு மாத உழைப்பு வீண். வேறு பிரதியும் இல்லை.

அவர் நாயை லேசாக ஓர் அடி அடித்ததோடு சரி. மறுபடியும் உட்கார்ந்து எழுதினார். 1937-ல் அந்த நாவல் வெளிவந்து அமோகமாக விற்றது.

ரொட்டி வண்டியில்

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் கடும் வறட்சி. புழுதிப் புயல் வேறு. நிலத்தை இழந்த விவசாயக் குடும்பங்கள் பிழைப்புத் தேடிக் கலிபோர்னியாவுக்கு வந்து குவிந்தன.

அவர்களைப் பற்றி எழுதும்படி சான்பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்று ஸ்டீன்பெக்கைக் கேட்டது. 1936-ல் ரொட்டிக்கடையின் பழைய வேன் ஒன்றில் ஏறி, முகாம் முகாமாகச் சென்றார். பசியால் வாடிய குழந்தைகளைக் கண்டார். கூலிக்காகக் காத்துக்கிடந்த பெற்றோரிடம் பேசினார்.

அதன் பயனாக 1939-ல் 'தி கிரேப்ஸ் ஆப் ராத்' என்ற நாவல் பிறந்தது. பெரிய நிலச்சுவான்தார்கள் கொதித்தார்கள். கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில் பள்ளிகளிலும் நூலகங்களிலும் அதற்குத் தடை விதித்தார்கள். ஆனால் மக்கள் அதை வாங்கி வாங்கிப் படித்தார்கள். 1940-ல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

மறந்துபோன நாடு

புகழ் வளர்ந்தது. ஆனால் வாழ்க்கையில் நிம்மதி இல்லை. இரண்டு திருமணங்கள் முறிந்தன. உயிர் நண்பர் எட் ரிக்கெட்ஸ், 1948-ல் அவருடைய கார் மீது ரெயில் மோதியதில் மாண்டார்.

1950-ல் எலைன் என்ற பெண்மணியை ஸ்டீன்பெக் மணந்தார். இந்த இல்லறம் கடைசிவரை நிலைத்தது. நியூயார்க்கிலும், சாக் ஹார்பர் என்ற கடலோர ஊரிலும் வசித்தார்.

அப்போது ஒரு கவலை அவரை அரித்தது. அமெரிக்க மக்களைப் பற்றி எழுதுகிறவர் அவர். ஆனால் அந்த மக்களோடு பழகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பழைய நினைவை வைத்தே எழுதிக்கொண்டிருக்கிறோமே, இது ஒருவகை மோசடி அல்லவா என்று அவருடைய மனம் உறுத்தியது.

1959-ம் ஆண்டு இறுதியில் நோய் தாக்கியது. ஓய்வாக இருக்க வேண்டும் என்றார்கள். போர்வைக்குள் முடங்கிக் கிடக்க அவருக்கு விருப்பம் இல்லை. நடமாட முடிகிறபோதே நாட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

சக்கரத்தின் மேல் வீடு

ஒரு லாரிக் கம்பெனிக்கு எழுதி, முக்கால் டன் லாரி ஒன்றை வாங்கினார். அதன் பின்புறம், கப்பலில் உள்ள அறை போல ஒரு சிறு வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, விளக்கு, கழிவறை எல்லாம் உண்டு.

டான் குயிக்ஸாட் என்ற பழைய ஸ்பெயின் நாட்டு நாவலில் ஒரு கிழட்டுக் குதிரை வருகிறது. அதன் பெயர் ரோசினான்டே. அந்தப் பெயரையே தம் லாரிக்கும் வைத்தார்.

துணி துவைக்க ஒரு தந்திரம் செய்தார். மூடி போட்ட வாளியில் துணி, சோப்பு, தண்ணீர் மூன்றையும் போட்டு, இழுபடும் கயிற்றில் தொங்க விட்டார். லாரி குலுங்கக் குலுங்கத் துணி தானாக வெளுத்தது!

வழித்துணைக்கு வந்தது சார்லி. சுருட்டை முடி உள்ள பெரிய பூடில் நாய். பாரிஸ் நகருக்குப் பக்கத்தில் பிறந்தது. வயது 10. நாய்க்கு அது முதுமை. எஜமானரும் கிழவர்; நாயும் கிழம்!

சார்லியின் தூது

1960-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி பிரயாணம் தொடங்கியது. வடக்கே மெயின் மாநிலம் வரை சென்று, பிறகு மேற்கே திரும்பினார். சிகாகோ, வடக்கு டகோட்டா, மான்டானா என்று வழி நீண்டது.

முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுப்பது எப்படி? அதற்குச் சார்லி உதவியது. யாராவது கூடாரம் போட்டிருந்தால், அந்தப் பக்கம் சார்லியை விடுவார். பிறகு, நாயைத் தேடி வருகிறவர் போலத் தாமும் போவார். நாயைப் பற்றிப் பேச்சு ஆரம்பிக்கும். காபி வரும். அப்புறம் ஊர்க்கதை எல்லாம் வரும். அவர் இன்னார் என்று யாரும் கண்டுகொள்ளவில்லையாம்.

நயாகரா அருகே எல்லையைக் கடந்து, கனடா வழியாகக் குறுக்கே போக நினைத்தார். சார்லிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசி போட்ட சான்று கையில் இல்லை. ஆகவே திரும்ப நேர்ந்தது. எல்லோஸ்டோன் காட்டில் கரடிகளைக் கண்டதும், சாதுவான சார்லி வெறி பிடித்ததுபோல் குரைத்தது. இதனால் ஒரே நாளில் காட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

வழியில் சார்லி நோயில் விழுந்தது. சிறுநீர் பிரியாமல் தவித்தது. ஓய்வெடுக்க வேண்டியவர், இரவில் விழித்திருந்து நாய்க்குப் பணிவிடை செய்தார். பிறகு டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கால்நடை டாக்டர் அதைக் குணப்படுத்தினார்.

அதற்கு முன்பே கலிபோர்னியாவுக்குச் சென்றிருந்தார். பிறந்த மண் அவருக்கு அன்னியமாகத் தோன்றியது. பழைய நண்பர்கள் பலர் இல்லை. ஊர் அடையாளம் தெரியாமல் மாறி இருந்தது. சிறு வயதில் ஏறிய மலை உச்சியில் ஏறி நின்று, ஊரை ஒரு முறை பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

பள்ளி வாசலில்

அவருடைய நெஞ்சை உலுக்கிய காட்சி நியூ ஆர்லியன்ஸ் நகரில் காத்திருந்தது.

அந்த ஊரில் வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி. கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி. கோர்ட்டு உத்தரவுப்படி, 1960-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி ரூபி பிரிட்ஜஸ் என்ற கறுப்பினச் சிறுமி வெள்ளையர் பள்ளியில் சேர்ந்தாள். அவளுக்கு வயது 6. மத்திய அரசின் காவல் அதிகாரிகள் அவளை அழைத்துச் சென்றார்கள்.

தினமும் காலையில் பள்ளி வாசலில் கூட்டம் கூடியது. வெள்ளைக்காரப் பெண்கள் சிலர் அந்தப் பிஞ்சுக் குழந்தையைப் பார்த்துக் கேட்கக் கூசும் வார்த்தைகளைச் சொல்லிக் கத்தினார்கள். அதற்குக் கைதட்டல் வேறு!

சார்லியையும் லாரியையும் வேறோர் இடத்தில் விட்டுவிட்டு, ஸ்டீன்பெக் வாடகைக் காரில் போய் அந்தக் கூட்டத்தில் நின்றார். கண்டதையும் கேட்டதையும் மறக்க முடியவில்லை. குழந்தையைத் திட்டுவதை ஒரு கூத்தாக்கி, ஊரே ரசிப்பதைப் பார்த்து அவருக்குக் குமட்டியது.

அதன் பிறகு ஊர் பார்க்கும் ஆசையே போய்விட்டது. வேகமாக வீடு திரும்பினார்.

எது உண்மை?

1962-ல் 'சார்லியுடன் பயணம்' என்ற பொருள் தரும் தலைப்பில் புத்தகம் வந்தது. நன்றாக விற்றது. அதே ஆண்டில் நோபல் பரிசும் வந்தது.

பிற்காலத்தில் சிலர் அவருடைய கடிதங்களைத் தேடிப் படித்து ஆராய்ந்தார்கள். பல இரவுகள் அவர் ஓட்டல்களில் தங்கியதும், சில நாட்கள் மனைவி எலைன் கூட வந்ததும் தெரிந்தன. புத்தகத்தில் உள்ள பேச்சுகள் சிலவற்றை அவர் கற்பனையாகச் சேர்த்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். 2012-ல் வந்த பதிப்பின் முன்னுரையும் இதை ஒப்புக்கொண்டது.

ஆனால் நோயாளி நாயாகிய சார்லி கற்பனை அல்ல. பள்ளி வாசலில் நடந்த கொடுமையும் கற்பனை அல்ல. நாட்டின் அழகைத் தேடிப் போனவர், அதன் அழுக்கையும் மறைக்காமல் எழுதினார். சொந்த நாட்டை நேசிக்கிறவனுக்கு அந்தத் துணிவு வேண்டும்.

1963-ல் சார்லி இறந்தது. 1968-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 20-ந் தேதி ஸ்டீன்பெக் நியூயார்க்கில் காலமானார். அவருக்கு வயது 66. அவருடைய அஸ்தி சாலினாசுக்குக் கொண்டு வரப்பட்டு, குடும்பத்தாரின் கல்லறையில் வைக்கப்பட்டது.

1998-ல் அந்த ஊர் அவருக்கு ஒரு காட்சிசாலையைத் திறந்தது. ரோசினான்டே அங்கேதான் நிற்கிறது. பார்க்க வரும் குழந்தைகள், சார்லி உட்கார்ந்து வந்த இடத்தை எட்டி எட்டிப் பார்க்கிறார்கள்.