பழுதை மறைக்காத பொறியாளர்

தாயிச்சி ஓனோ 1912ஆம் ஆண்டு சீனாவின் தாலியன் நகரில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தார். நகோயாவில் தொழில்நுட்பம் பயின்று, 1932இல் டொயோடா குடும்பத்தாரின் நெசவாலையில் சேர்ந்தார். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறி அவர்களுடைய கண்டுபிடிப்பு. 1943இல் அக்குடும்பம் தொடங்கிய டொயோட்டா மோட்டார் தொழிற்சாலைக்கு மாறினார். போரில் தோற்ற நாட்டில் பணமும் பொருளும் அரிதாயின. எனவே, தேவையானதைத் தேவையான நேரத்தில் தேவையான அளவே செய்யும் முறையை வகுத்தார். பழகிய முறையை மாற்றியதால் எதிர்ப்பு எழுந்தது, அவர் தளரவில்லை. தறியைப் போலவே, பழுது கண்ட எந்தத் தொழிலாளியும் வேலையை நிறுத்தலாம் என்று ஏற்பாடு செய்தார். ‘ஏன்?’ என்று ஐந்து முறை கேட்டு மூலகாரணத்தைக் களையச் சொன்னார். 1975இல் நிர்வாகத் துணைத் தலைவரான அவர் 1990இல் மறைந்தார். பழுதை மறைப்பதே இழுக்கு. கண்டவுடன் சொல்வது கடமை என்பதே அவர் வாழ்வு நமக்குத் தரும் பாடம்.