தனிநாயகம் அடிகள்: 27 வயதில் தமிழ் படிக்க உட்கார்ந்த பாதிரியார்

வெள்ளிக்கிழமை கோவிலிலோ ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலோ, கைப்பேசியில் ரூமி எழுத்தில் தேவாரத்தையோ ஜெபத்தையோ வைத்துக்கொண்டு படிக்கிற ஆளா நீங்கள்? ஸ்ரீ கெம்பாங்கானில் மட்டுமல்ல, கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க அப்படிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 1554ஆம் ஆண்டிலேயே இதற்கு முன்னோடி உண்டு.

அந்த ஆண்டு போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் ஒரு சின்ன ஜெப நூல் அச்சானது. ஜெபங்கள் தமிழில், எழுத்து மட்டும் ரோமன். வரிகளுக்கு நடுவே சொல்லுக்குச் சொல் போர்ச்சுகீசிய அர்த்தம். தமிழில் அச்சேறிய இப்படிப்பட்ட முதல் நூல்களைப் பற்றி 1950களில் ஆராய்ந்து எழுதியவர்தான் தனிநாயகம் அடிகள். பின்னாளில் நம்ம கோலாலம்பூரில் பேராசிரியராக இருந்தவர்.

யார் இவர்?

1913 ஆகஸ்ட் 2ஆம் தேதி இலங்கையின் ஊர்காவற்றுறையில் பிறந்தவர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் ஆங்கிலத்தில் படிப்பு. பிறகு கொழும்பில் குருமடம், அதன்பின் ரோம். 1938இல் அங்கேயே கத்தோலிக்கக் குருவானார். 3ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ஆயராக இருந்த புனித சிப்ரியன் காலத்துக் குருமார்களைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டமும் வாங்கினார். லத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு என்று மொழிகள் வரிசையாகக் கைவந்தன.

ஒன்றுதான் குறை. தமிழ்!

வீட்டில் பேசத் தெரியும். ஆனால் தமிழ் இலக்கியத்தை முறையாகப் படித்ததில்லை. 1940இல் திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் புனித தெரேசா பள்ளிக்கு ஆசிரியராக வந்தபோது அந்தக் குறை நன்றாகவே உறுத்தியது. சுற்றி எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள், இவரோ ரோமில் பட்டம் வாங்கிய பாதிரியார், தமிழில் தடுமாறுகிறார். நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

அப்போது அவருக்கு 27 வயது. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராகச் சேர்ந்தார். சுமார் 4 ஆண்டுகள் பாடம் நடந்தது. கத்தோலிக்கப் பாதிரியாருக்கு ஓர் ஐயர் தமிழ் சொல்லிக் கொடுத்தார் என்பதை இன்று கேட்டால் பலர் புருவத்தை உயர்த்துவார்கள். இவருடைய வாழ்க்கையில் எல்லாரும் பேசுவது உலகத் தமிழ் மாநாட்டைப் பற்றித்தான். எனக்கென்னவோ, இந்த 4 ஆண்டுகள்தான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. இது இல்லையென்றால் மாநாடே இல்லை.

1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார். சங்கப் பாடல்களில் இயற்கை எப்படி வருகிறது என்பதை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். கூடவே தேவாரம், திருவாசகம், ஆழ்வார் பாடல்கள் எல்லாம் அவருக்குத் திறந்துகொண்டன. பாதிரியார் ஒருவர் இவற்றை எதிர்த் தரப்பு நூலாக ஒதுக்கியிருக்கலாம். இவர் அப்படிச் செய்யவில்லை. ஐரோப்பிய மொழிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறப்பைச் சொல்லிக்கொண்டே வந்து, தமிழுக்கு என்று வரும்போது பக்தியின் மொழி என்றார். 1952இல் வெளிவந்த 'தமிழ்த்தூது' நூலில் தமிழின் பெருமையைப் பேசும் அவருடைய கட்டுரைகளைப் படிக்கலாம். லத்தீனிலும் இத்தாலியத்திலும் தினமும் ஜெபித்தவர் இப்படிச் சொல்வது சும்மா பெருமைப் பேச்சு இல்லை. ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னது.

1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். ஐரோப்பிய நூலகங்களில் தமிழ்ச் சுவடிகளைத் தேடினார். கொல்லத்தில் 1578 அக்டோபர் 20ஆம் தேதி அச்சான 'தம்பிரான் வணக்கம்' வெறும் 16 பக்கம், ஆனால் தமிழ் எழுத்திலேயே அச்சானது. 1586இல் வந்த 'அடியார் வரலாறு' புனிதர்களின் கதை. அதன் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அதாவது அச்சு இயந்திரத்தில் தமிழ் முதன்முதலில் ஏறியபோது, அது கடவுளைப் பற்றித்தான் பேசியது.

கோலாலம்பூரில் என்ன செய்தார்?

1961இல் மலாயா பல்கலைக்கழகத்துக்கு வந்து இந்திய ஆய்வியல் துறைத் தலைவரானார். (ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து எம்ஆர்டி ஏறி, அம்பாங் பார்க்கில் எல்ஆர்டி மாறினால் பல்கலைக்கழகப் பக்கம் போய்விடலாம். அப்போது அதெல்லாம் ஏது?) 1964 ஜனவரியில் புதுடெல்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவானதில் முக்கியப் பங்கு இவருடையது. இரண்டே ஆண்டில், 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை, முதல் மாநாடு இங்கேயே நடந்தது. திறந்து வைத்தவர் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். தமிழ் ஆய்வு தமிழ்நாட்டுக்கு வெளியே, ஒரு மலாய்ப் பிரதமரின் ஆதரவோடு உலக மேடை ஏறியது.

அதே ஆண்டு சத்தமில்லாமல் இன்னொரு வேலையையும் முடித்தார். அந்தாம் டி ப்ரோயென்சா என்ற இயேசு சபைத் துறவி தொகுத்த தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி 1679இல், கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சானது. தொகுத்தவர் அதற்குள் இறந்திருந்தார். வத்திக்கானில் இருந்த அதன் பிரதியை, அப்படியே படியெடுத்து மலாயா பல்கலைக்கழகம் வழியாகக் கோலாலம்பூரில் வெளியிட்டார். ஜெபம் சொல்லிக் கொடுக்க வந்தவர்கள் முதலில் மக்களின் சொற்களைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதற்கு அந்த அகராதி சாட்சி. வடக்கன்குளத்தில் அவரும் அதே கஷ்டத்தைப் பட்டவர்தானே.

1969இல் மலாயாவை விட்டுப் புறப்பட்டார். 1974 ஜனவரியில் சொந்த மண்ணான யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காம் மாநாடு கடைசி நாளில் உயிர்ப்பலிகளோடு முடிந்ததையும் பார்த்தார். 1980 செப்டம்பர் 1ஆம் தேதி, 67 வயதில், யாழ்ப்பாணத்தில் காலமானார்.