மாலத்தீவுக்கு ஏன் ரெண்டு விடுதலை நாள்? உத்தீமு தீவுக்காரர் ஒருவரின் கதை

பழவங்காடியிலிருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட் சில கிலோமீட்டர்தான். ஃப்ளைட் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் மாலே. சிகிச்சைக்காக மாலத்தீவுக்காரர்கள் இந்த ஊருக்கு வந்துபோவதும் வழக்கம்.

அவர்களின் சுதந்திர தினம் ஜூலை 26. பிரிட்டனுடன் 1965-ல் ஒப்பந்தம் கையெழுத்தான நாள். ஆனா ‘தேசிய நாள்’ என்று இன்னொன்றும் இருக்கு. அதன் நாயகர் முகம்மது தக்குருஃபானு.

என்ன நடந்தது?

கதை தொடங்குவது கொச்சியில். மாலத்தீவு சுல்தான் ஒன்பதாம் ஹசன் அரியணையை விட்டு இங்கே வந்து, 1552-ல் கிறிஸ்தவரானார். புதுப் பெயர் டோம் மனுவேல். அவர் பெயரைச் சொல்லியே போர்ச்சுகீசியர்கள் 1558-ல் மாலேயைப் பிடித்தார்கள். எதிர்த்து நின்ற சுல்தான் அலி கொல்லப்பட்டார். அந்திரி அந்திரின் என்பவர் ஆளத் தொடங்கினார்.

யார் இந்த தக்குருஃபானு?

வடகோடியில் உள்ள உத்தீமு என்ற சின்னத் தீவுக்காரர். பெரிய படை கிடையாது. இருந்தது சகோதரர்கள், கொஞ்சம் ஆட்கள், ‘களுஒஃபும்மி’ என்ற பாய்மரக் கப்பல். ராத்திரி ஒரு தீவில் இறங்கித் தாக்குவது, விடியுமுன் கடலுக்குள் மறைவது: இதுதான் உத்தி என்கிறது மாலத்தீவு மரபு. போராட்டத்தில் சகோதரர் அலியை இழந்தார். கண்ணூரின் அலி ராஜா உதவினார். 1573-ல் மாலேக்குள் இரவில் நுழைந்தார்கள். அந்திரின் கொல்லப்பட்டார். 15 ஆண்டு ஆட்சி முடிந்தது.

அப்புறம்?

சுல்தானாகி 1585-ல் இறக்கும்வரை ஆண்டார். ஆனா வெற்றி முழுசா இல்லை. பின்னர் ஏற்பட்ட சமாதானத்தில், கொச்சியில் இருந்த பழைய அரச குடும்பத்துக்கு வருவாயில் ஒரு பங்கு போனது. 1887-ல் நாடு பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் வந்தது.

தேதி ஏன் மாறுது?

தேசிய நாள் இஸ்லாமிய நாட்காட்டியின் ரபீஉல் அவ்வல் 1. சந்திர ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பதால், வருஷாவருஷம் முன்னால் நகரும்.

1965 நாள் ஒரு கையெழுத்தால் வந்தது. 1573 நாளோ சொந்த ஆட்களே போராடி வாங்கியது. ரெண்டையும் தனித்தனியா கொண்டாடுவதற்குக் காரணம் இதுதான்.